நீல போர்டில் சந்தனப் பொட்டு

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, ஆயுத பூஜை. கறம்பக்குடியை அடுத்த ஒரு கிராமம். சாமி படங்களுக்கு முன்னால் மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷின், பாடப்புத்தகங்கள், ஓரத்தில் உள்ளங்கை அகல ரோபோ கார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பதே இந்த ஒரு ரோபோ கிட்தான். சுவர் வந்தால் நின்று திரும்பும்படி ஒன்பதாம் வகுப்பு கனிஷ்கா அதற்குப் புரோகிராம் எழுதியிருக்கிறாள். திங்கட்கிழமை புதுக்கோட்டையில் பள்ளிகளுக்கான ரோபோ போட்டி. வீட்டில் ஓட்டிப் பழகச் சொல்லி கம்ப்யூட்டர் டீச்சர் கொடுத்துவிட்டிருக்கிறார்.

அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா பரிமளா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருக்கிறாள். காரின் மேல் திறந்தபடி இருக்கும் நீல சர்க்யூட் போர்டில், கறுப்பு சிப்பின் மேலேயே, ஈரச் சந்தனம் வழிந்து நிற்கிறது, அதன்மேல் குங்குமம்.

“யம்மா, இதுல ஏம்மா வச்ச?”

“ஒங்கப்பா பைக்குக்கு வைக்கல? அது ஓடாமயா போச்சு?”

கனிஷ்கா துப்பட்டா நுனியால் துடைக்கிறாள். மேலே இருந்தது வந்துவிடுகிறது. சிப்பின் மெல்லிய கால்களுக்கு இடையில் போனது வரவில்லை. அதற்குள் குவைத்திலிருந்து அப்பாவின் வீடியோ கால். “தங்கம், சீக்கிரம் ஓட்டிக் காமி. வேலைக்குக் கூப்புடுறாய்ங்க.”

“காயட்டும்ப்பா.”

“நல்ல நேரத்துல ஒருக்கா ஓடட்டும்டி,” என்று அம்மா போனைத் தாழ்த்திப் பிடிக்கிறாள். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கிறது. கனிஷ்கா சுவிட்சைத் தள்ளுகிறாள். சக்கரங்கள் அரைச் சுற்று சுற்றி நிற்கின்றன. போர்டில் எரிந்த சிவப்பு விளக்கு அணைகிறது. சாம்பிராணிப் புகைக்கு நடுவிலும் கருகல் வாடை தனியாகத் தெரிகிறது.

“நின்னுருச்சே, அதுக்குள்ள சுவரு வந்துருச்சா?” என்று போனில் அப்பா சிரிக்கிறார்.

திங்கட்கிழமை போட்டிக்கு அந்தப் பள்ளியிலிருந்து யாரும் போகவில்லை.