ரெண்டாவது கட்டில்

“நோயாளி ஒருத்தி, கட்டில் ரெண்டு! இது எந்த ஊர் நியாயம்?”

கப்பல் கம்பெனி அலுவலகத்தில் பில்லை மேஜை மேல் போட்டுவிட்டு செக்கர் போட்ட சத்தத்தில், அடுத்த அறையில் பேச்சு நின்றுபோனது.

முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பெயரிலிருந்து பெறவில்லை. சொந்தபந்தம் முழுக்க இன்றும் அவர் செக்கர்தான். டிக்கெட் எடுக்காமல் வந்த சொந்த மச்சானையே பாதி வழியில் இறக்கிவிட்ட மகராஜன்.

“ஏங்க, விடுங்களேன். கட்டிட்டுப் போயிடலாம்” என்றாள் மனைவி. காலையிலிருந்து பத்தாவது தடவையாகச் சொல்கிறாள்.

“நீ சும்மா இரு. ஒத்தைக் காசா இருந்தாலும் ஏமாத்து ஏமாத்துதான்.”

பில் பிரிவில் இருந்த பெண் பொறுமைசாலி. “என்ன நடந்ததுன்னு சொல்லுங்க சார்” என்றாள்.

கேட்காமலே சொல்கிறவர். கேட்டால் விடுவாரா?

“பொண்ணு ஆசையா எடுத்துக் கொடுத்த கப்பல் டூர்மா. ரெண்டாம் நாள் மத்தியானம் இவ நண்டை ஒரு பிடி பிடிச்சா. ரூமுக்கு வந்து பத்து நிமிஷம் ஆகல, உதடு வீங்கிப்போச்சு, மூச்சு இழுக்குது. லிஃப்டுக்கு நிக்க நேரமேது? அப்படியே அள்ளித் தூக்கிட்டு நாலு மாடி இறங்கி, கப்பல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்!”

ஊர் திரும்பின புதிதில் அது ரெண்டு மாடிதான். மூன்று வாரத்தில் கப்பல் கொஞ்சம் வளர்ந்துவிட்டது.

“ஓடின ஓட்டத்துல, இதோ, முழங்கைக்கு உள்பக்கம் காயம். பிளாஸ்திரி போட்டாங்க. எங்க இடிச்சேன்னே தெரியல.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஊசி போட்டதும் இவ தேறிட்டா. எனக்கு ஓடின அலுப்பு. பக்கத்துல சும்மா கிடந்த கட்டில்ல கொஞ்சம் தலை சாய்ச்சேன். அதுக்கு ஒரு பில்லா? பஸ்ஸுல தூங்கிட்டு வர்றவனுக்குத் தனி டிக்கெட்டா கிழிப்போம்? இதுல ரெண்டு குளுக்கோஸ் பாட்டில் வேற, ரெண்டு டாக்டர் ஃபீஸ் வேற. ரெண்டாவது யாருக்கு, உங்க கேப்டனுக்கா?”

காத்திருந்தவர்களில் இரண்டு பேர், “சரியாத்தானே கேக்கறார்” என்று தலையாட்டினார்கள். செக்கருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“அன்னிக்கு உங்க டாக்டர் எழுதி வெச்சிருப்பாரே, அதைத் திறங்க. திறந்து சத்தமாப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்!”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தாள். ஒரு தடவை படித்தாள். நம்பாமல் மறுபடியும் படித்தாள். வாயைத் திறக்கப்போனவள், நிமிர்ந்து பார்த்தாள்.

செக்கரின் நாற்காலிக்குப் பின்னால் மனைவி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“சார், அந்த ரெண்டாவது கட்டில் உங்க பில்லுல வராது. அதை எடுத்துடறேன்.”

“பார்த்தியா!” செக்கர் மனைவியைப் பார்த்துச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “கட்டிட்டுப் போயிடலாம்னியே! இரு, பொண்ணுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்.”

கதவு மூடியதும் மனைவி கைப்பையைத் திறந்தாள்.

“அந்தக் கட்டிலுக்கு எவ்வளவும்மா?”

பில் பிரிவுப் பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அதில் டாக்டர் எழுதியிருந்தார்: ‘இரண்டாவது நோயாளி, கணவர். பயத்தில் மயக்கம், குளுக்கோஸ் ஏற்றப்பட்டது. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தவர், முதல் நோயாளி.’

“நிஜமாவாம்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“வீங்கின மூஞ்சியை இவர்கிட்ட காட்டினேன். காட்டினதுதான் தாமதம், மனுஷன் பொத்துனு விழுந்துட்டார். எனக்கோ மூச்சு வாங்குது. அக்கம்பக்கத்துல ஒரு ஆளைக் காணோம். லிஃப்டுகிட்ட ஒரு சக்கர நாற்காலி கிடந்துச்சு. இவரை அதுல இழுத்துப் போட்டு, லிஃப்டுல இறக்கித் தள்ளிட்டு ஓடினேன்.”

பெண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவியும் சிரித்துவிட்டாள்.

“அதை ஏம்மா அவர்கிட்ட மறைச்சீங்க?”

“கண்ணு முழிச்சதும் ‘உன்னைத் தனியா விட்டுட்டேனே’ன்னு சின்னப் பிள்ளையாட்டம் அழுதாரும்மா. அதை என்னால பார்க்க முடியல. நீங்கதான் என்னைத் தூக்கிட்டு வந்தீங்க, அலுப்புல படுத்துட்டீங்கன்னு சொன்னேன். அப்புறம்தான் ஒரு வாய் தண்ணி குடிச்சார்.”

வெளியே நடைபாதையிலிருந்து செக்கரின் குரல் கேட்டது. “நாலுன்னு யாரு சொன்னா? அஞ்சு மாடிம்மா, அஞ்சு!”

மனைவி பணத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“நான்தான் எடுத்துட்டேனேம்மா. எங்க மேலதிகாரிகிட்ட பேசி, தள்ளுபடியே பண்ணிடலாம்” என்றாள் அந்தப் பெண்.

“வேண்டாம்மா, ரசீது போடு. முப்பது வருஷமா டிக்கெட் இல்லாதவங்களை இறக்கிவிட்ட மனுஷன். அவரே ஒரு தடவை டிக்கெட் இல்லாம வந்தார்னு இருக்கக்கூடாது பாரு!”