பெர்தோ மேட்டில் பின்பக்கமாக

வானத்திலிருந்து விழும்போது அது மழை. தரையைத் தொட்டதும் உறைந்து கண்ணாடி.

காலையிலிருந்து போஸ்தொய்னா சாலையில் பனி உருக உப்புக் கொட்டிக்கொண்டிருந்த லுத்விக்கை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள், ஷெட்டிலிருந்து வண்டிகளை அனுப்புகிற ஆல்பினா.

"பெர்தோ மேட்டுக்கு ஒரு வண்டி ஏறணும்பா. சில்வோவுக்கு டயாலிசிஸ். நேத்தே போயிருக்க வேண்டியவரு. ஆம்புலன்ஸ் ஏற முடியாம அடிவாரத்துல நிக்குது."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீதான் போகணும்னு இல்ல. மிர்கோ மத்தியானம் வந்துருவான்" என்றாள்.

பெர்தோ மிர்கோவின் பகுதி. லுத்விக் கேட்டுத்தான் அப்படி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செங்குத்தைப் பார்த்துப் பயந்தவன் என்று ஷெட்டில் புதிதாக வந்தவர்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள்.

பழைய ஆட்கள் அதற்குச் சிரிப்பதில்லை.

"மத்தியானம் வரைக்கும் அந்தாளு தாங்குவாரா?"

லுத்விக் வண்டியைத் திருப்பினான்.

அடிவாரத்தில் இன்னொரு முறை திருப்பினான். இப்போது வண்டியின் முதுகு மேட்டைப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஜன்னலை இறக்கினாள். "என்னண்ணே, பின்பக்கத்தக் காட்டிக்கிட்டா மலை ஏறுவீங்க?"

"இந்த மலைக்கு அந்த மரியாதை போதும்."

உப்பு வண்டியின் பின்னாலிருந்துதான் கொட்டும். முகத்தைக் காட்டி ஏறினால் சக்கரம் வெறும் பனியில் உருளும். முதுகைக் காட்டி ஏறினால், இப்போதுதான் விழுந்த உப்பின் மேல் உருளும். கண்ணாடிப் பனி பிடித்த மேட்டில் எல்லோரும் இப்படித்தான் ஏறுவார்கள்.

பின்னால் உப்பை இறைக்கும் தட்டு சுழன்றது. உப்புத்தண்ணீரில் நனைந்த உப்பு சாலையில் சத் சத்தென்று விழுந்து ஒட்டியது.

இரண்டு பக்கக் கண்ணாடிகளும் மழையில் மங்கிப்போயிருந்தன. லுத்விக் அவற்றை அதிகம் பார்க்கவில்லை. வாதுமை மரத்து வளைவில் இடது ஓரம் உள்வாங்கும். பால்கார வீட்டு வேலி சாலைக்குள் துருத்திக்கொண்டிருக்கும். கைகள் அவனைக் கேட்காமலே திரும்பின.

பாதி மேட்டில் சத்தம் மாறியது. சத் சத் போய், கலகலவென்று கூழாங்கல் கொட்டுவது போல ஆயிற்று.

உப்புத்தண்ணீர் வரவில்லை. காய்ந்த உப்பு பனியில் துள்ளி, ஓரப் பள்ளத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி ஏறுவதை நிறுத்தியது. பிறகு, ஒரு சத்தமும் போடாமல், கீழ்நோக்கி நகர ஆரம்பித்தது.

லுத்விக் ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்சக்கரம் ஓரத்து மண்மேட்டில் இடித்து நின்றது.

வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனான். தண்ணீர் வரும் குழாயின் வாயில் உப்புப் பூத்து அடைத்திருந்தது. ஸ்பேனரால் தட்டினான். அசையவில்லை. பிளாஸ்கைக் கொண்டுவந்து சூடான டீ முழுவதையும் அதன்மேல் ஊற்றினான்.

"குடிச்சுத் தொலை" என்றான் குழாயிடம்.

அது ஒருமுறை செருமிவிட்டுத் துப்பியது. அவன் முகத்திலேயே.

மறுபடி சத் சத்.

மேட்டு உச்சியில் ஒரே வீடு. வாசலில் மிலேனா தன் புருஷனைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். சில்வோவின் முகம் வீங்கியிருந்தது. ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுப்பது போல எடுத்தார்.

லுத்விக் இறங்கினான்.

"நீ வருவேன்னு நான் நெனைக்கல" என்றார் சில்வோ.

"நான் எங்க வந்தேன். உப்பு வந்துச்சு, கூட வந்தேன்."

சில்வோ சிரிக்கப் போய் இருமினார்.

கைப்பிடி கைப்பிடியாக உப்பை எடுத்து வண்டிவரை இறைத்துவிட்டு, லுத்விக் அவரைத் தோளில் சாய்த்து நடத்தினான். தூக்கி இருக்கையில் உட்காரவைத்தான். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தார். எல்லாம் உடம்பில் தங்கிவிட்ட தண்ணீர்.

"கோட்ட விட்டுட்டுப் போறாரு!" என்று மிலேனா உள்ளே ஓடினாள்.

கோட்டோடு வெளியே வந்தவள், வண்டிக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். கோட்டைப் பார்த்தாள். லுத்விக்கைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

ஆரஞ்சு நிறக் கோட்டு. தோளில் வெளிச்சப் பட்டை. சாலை வேலைக்காரர்களுக்கு மட்டும் கொடுப்பது.

சில்வோ பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார்.

லுத்விக் கையை நீட்டினான். "குளிருதுல்ல அவருக்கு. குடு."

வாங்கி, சில்வோவின் வீங்கிய கைகளை ஒவ்வொன்றாக உள்ளே நுழைத்தான். அவன் இந்த வீட்டைவிட்டும் மிலேனாவைவிட்டும் வெளியேறிய அன்று ஆணியிலேயே மாட்டிவைத்துவிட்டுப் போன கோட்டு அது. தோள் தனக்கு இருந்ததைவிட அவருக்குச் சரியாக இருந்தது.

"இந்த ஜிப்பு ஒரு எடத்துல மாட்டும். கொஞ்சம் மேல தூக்கிட்டுத்தான் இழுக்கணும்" என்றான்.

"தெரியும்" என்றார் சில்வோ மெதுவாக. "மிலேனா சொல்லிக் குடுத்துருக்கா."

லுத்விக் ஜிப்பை மேலே தூக்கி, கழுத்துவரை இழுத்துவிட்டான்.