வெள்ளை றோசாவுக்குத்தான் விழுகிறது

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஜவுபர் ஹாஜியார் சோறு தின்னக்கூட வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஹுஸ்னியாவின் அபாயாக் கடைக்குள் நுழைந்தார். பின்னால் பள்ளிவாசல் செயலாளர் பர்ஸான்.

ஹாஜியார் தன் குடிக்கு, அதாவது தாய்வழிப் பரம்பரைக்கு, மரைக்காயர். குடியில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அறிந்து பள்ளிக்குச் சொல்ல வேண்டியவர். முதல் இரண்டையும் ஒன்று விடாமல் சொல்லிவிடுவார்.

"ஏன் புள்ள, ஊருக்குள்ள சூது நடத்துறியாமே?"

"லைவ் வீடியோ ஹாஜியார். யாவாரத்துக்கு ஒரு விளையாட்டு."

வியாழக்கிழமைகளில் ஹுஸ்னியா பேஸ்புக்கில் லைவ் வருவாள். முகம் தெரியாது. கையுறை போட்ட இரண்டு கைகளும் ஆறு பெட்டிகளும் மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்கள் அவளுடைய போனுக்கு ஐம்பது ரூபாய் ரீலோட் அனுப்பிவிட்டு, கமெண்டில் ஒரு நம்பரைப் போட வேண்டும். அந்த நம்பர் பெட்டியைத் திறப்பாள். உள்ளே சீட்டு இருந்தால் சம்மாந்துறை மில் அரிசி ஒரு மூட்டை. இல்லாவிட்டால், "அடுத்த முறை, இன்ஷா அல்லாஹ்!"

"சூதுக்கு இன்ஷா அல்லாஹ் வேற!" ஹாஜியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தவ்பா, தவ்பா!"

"இண்டையோட நிப்பாட்டணும்," என்றார் பர்ஸான். "இல்லாட்டி இந்தக் கடைக்கு ஒருத்தரும் போகப்படாதெண்டு பள்ளியில அறிவிப்போம்."

ஹுஸ்னியாவுக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"சரி, நிப்பாட்டுறன்," என்றாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஹாஜியார் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிப்பாட்டுறது ஒரு பக்கம் கிடக்கட்டும். அதுக்குள்ள களவும் இரிக்கி. வெள்ளை றோசா எண்டு ஒருத்தி. எந்த நம்பரப் போட்டாலும் அவளுக்குத்தான் விழுது. எனக்கு மட்டும் ஏன் ஒருநாளும் விழல்ல?"

பர்ஸான் சட்டென்று திரும்பி, தொங்கிய அபாயா ஒன்றின் விலையை மிகக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார்.

"சாட்சிக்காகத்தான் ஆடினன்," என்றார் ஹாஜியார்.

சாட்சி பலமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நோன்பு மாதம் தவிர ஒரு வியாழனையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"சொல்லு, ஆரு அந்த வெள்ளை றோசா? உன்ட சொந்தமா? அரிசியப் பாதி பாதியாப் பிரிக்கிறீங்களா?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் பேஸ்புக்கில் சொந்தப் பெயரும் போடுவதில்லை, படமும் போடுவதில்லை. ஆளுக்கொரு பூவைப் போட்டுக்கொள்வார்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எண்ணினால் றோசாக்கள் மட்டுமே ஒரு தோட்டம் தேறும். எந்த றோசா எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது.

ஹுஸ்னியா பெருமூச்சு விட்டாள்.

"களவுதான் ஹாஜியார். அவங்க ஆடக்குள்ள ஆறு பெட்டியிலயும் சீட்டு வைப்பன். நீங்க ஆடக்குள்ள ஒண்டுலயும் வைக்கிறல்ல."

"அஸ்தஃபிருல்லாஹ்!"

"மாப்புள உட்டுட்டுப் போன பொம்புள. மூணு புள்ளயள். ஒருக்கா நான் அரிசி கொண்டுபோனன். ஸதகா, தருமம் வாங்குற அளவுக்கு நாங்க இன்னும் போகல்ல எண்டு கதவச் சாத்திட்டாங்க. பள்ளியில ஸகாத் வரிசையில நிண்டா நீங்க போட்டோ புடிச்சுப் பேஸ்புக்குல போடுறீங்க. பரிசு எண்டாத்தான் கை நீட்டுறாங்க. சிரிச்சிட்டு வாங்குறாங்க."

"அரிசிக்குக் காசு?" என்றார் பர்ஸான்.

"ஹாஜியார் போல ஆக்கள் அனுப்புற ரீலோட்தான். எனக்கு அதுல ஒரு சதமும் வேணாம். சூதெண்டு நானும் பயந்து பயந்துதான் செய்யிறன்."

பர்ஸானுக்குக் குரல் இறங்கிவிட்டது. "போவம் ஹாஜியார்," என்றார்.

ஹாஜியார் அசையவில்லை.

"மரைக்காயர் எனக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு ஏழையா? பொய்! ஆளச் சொல்லு. இல்லாட்டி வாற ஜும்ஆவுல உன்னக் கள்ளி எண்டே அறிவிப்பன்."

"சொல்லமாட்டன். வெளிய தெரிஞ்சா அவங்க வெக்கத்துலயே மவுத்தாகிருவாங்க."

"அப்ப கடைக்குப் பூட்டு."

ஹுஸ்னியாவின் கண்கள் நிறைந்தன. கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"அவங்கட நம்பரத் தாறன். நீங்க மட்டும்தான் பாக்கணும்."

தன் போனை அவர் பக்கம் திருப்பினாள். ஹாஜியார் தன்னுடைய போனை எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். முழுவதையும் அழுத்த வேண்டி வரவில்லை. பாதியிலேயே அவருடைய போன் பெயரைக் காட்டிவிட்டது.

'தங்கச்சி சுபைறா.'

ஒரே உம்மாவின் வயிற்றில் அவருக்குப் பின் பிறந்தவள். அவருடைய குடிதான்.

"ஆரு ஹாஜியார்?" பர்ஸான் எட்டிப் பார்த்தார்.

ஹாஜியார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். எழுந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

"ஆரோ தெரியாத பொம்புள. பாவம்," என்றார்.

வாசல் வரை போனவர் திரும்பி, ஹுஸ்னியாவைப் பரிவோடு பார்த்தார்.

"விளையாட்ட நிப்பாட்டிப்போடாத புள்ள. ஏழைக்குப் போறதெண்டா நன்மைதானே. பள்ளிக்கு நான் சொல்லிக்கொள்றன்."