ஓரத்தில் நின்ற சம்பந்தி

"ஏளா ஷெர்லின், போட்டோல ஒரு ஆள மட்டும் தனியா வெட்டி எடுக்கணும்னா என்ன செய்யணும்?"

போட்டோஷாப் வகுப்பில் சேர்ந்த முதல் நாளே மெட்டில்டா கேட்ட கேள்வி இது. வயசு ஐம்பதுக்கு மேல். மவுசைப் பிடித்தால் அது மேஜையை விட்டே ஓடுகிறது. அதற்குள் வெட்ட வேண்டுமாம்!

தூத்துக்குடியில் ஷெர்லின் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் படம் எடுப்பாள். முகூர்த்தம் இல்லாத நாளில் மாடியில் நாலு பேருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பாள். போன மாசம் மெட்டில்டாவின் மகன் கல்யாணத்துக்குப் படம் எடுத்ததும் அவள்தான்.

"எந்தப் படம் ஆன்ட்டி?"

மெட்டில்டா பென் டிரைவை நீட்டினாள். மாதா கோயில் வாசலில் எடுத்த குரூப் போட்டோ. நடுவில் மாப்பிள்ளையும் பொண்ணும். மாப்பிள்ளை பக்கத்தில் அவன் அப்பா. பொண்ணு ஸ்டெபியை ஒட்டிப் பட்டுச்சேலையில் மெட்டில்டா. ஜோடி உள்ளவர்கள் நடுவில், தனி ஆட்கள் ஓரத்தில். ஷெர்லின் எடுக்கிற குரூப் போட்டோ எப்போதும் அப்படித்தான் கச்சிதமாக இருக்கும்.

"இதுல யார வெட்டணும்?"

"இவள."

மெட்டில்டாவின் விரல் படத்தின் ஓரத்தைத் தொட்டது. அங்கே நின்றது ஸ்டெபியின் அம்மா. கடலோரப் பெரியதாழை ஊர்க்காரி. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. கருவாடு விற்று ஒற்றை ஆளாக மகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்தவள்.

ஷெர்லினுக்குச் சுருக்கென்றது. அடிப்பாவி! கல்யாண மாலை காய்வதற்குள் சம்பந்தியை வெட்டப் பார்க்கிறாளே!

"எதுக்கு ஆன்ட்டி?"

"அது எதுக்கு உனக்கு? நீ கத்துக் குடு, போதும். ஸ்டெபி காதுக்கு மட்டும் போயிரக் கூடாது, ஆமா."

பீஸ் வாங்கியாயிற்று. வேறு வழியில்லை.

"இதுதான் லாசோ டூல். அவங்களச் சுத்திக் கோடு போட்டுக்கிட்டே வாங்க. ஆரம்பிச்ச எடத்துலயே வந்து முடிங்க. எறும்பு ஊர்ற மாதிரி ஒரு கோடு ஓடும். அதுக்குள்ள இருக்கதுதான் நீங்க பிடிச்ச ஆளு."

முதல் தடவை சம்பந்தியின் காது விட்டுப்போனது. அடுத்த தடவை முழங்கை போனது. பக்கத்துத் தூண் பாதி சேர்ந்து வந்தது.

"ஐயையோ, கையப் போக்கிட்டேனே! திருப்பிக் கொண்டா, திருப்பிக் கொண்டா!"

"கன்ட்ரோல் இசட் அடிங்க. வந்துரும்."

அந்த வாரம் முழுக்க இதே கூத்துதான். முந்தானை நுனி விடாமல், ஒரு முடி பிசகாமல் மெட்டில்டா கோடு போட்டுப் போட்டுப் பழகினாள். வெட்டி எறியப்போகிற ஆளுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்தா என்று ஷெர்லினுக்கு எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை மெட்டில்டா அடுத்த பாடம் கேட்டாள்.

"பிடிச்சாச்சு. இவள இங்கனயிருந்து நகத்தணும்னா?"

"மூவ் டூல் எடுத்து இழுங்க. எங்க வேணாலும் இழுக்கலாம், படத்த விட்டு வெளியவும் தள்ளலாம்." வேண்டுமென்றே குத்தலாகத்தான் சொன்னாள். "ஆனா அவங்க நின்ன எடத்துல வெள்ளையா ஓட்டை விழும்."

"அய்ய, அது அசிங்கமால்லா இருக்கும்! நாளைக்குப் பிரின்ட் போட்டு பெரியதாழை வீட்டுல மாட்டப் போற படம்."

ஷெர்லினுக்கு ரத்தம் கொதித்தது. அவள் வீட்டுச் சுவரிலேயே அவள் இல்லாத படமா? இப்படியும் ஒரு பொம்பளையா?

"ஓட்டைய மூட அங்க வேற ஏதாவது வைக்கணும்."

"வேற ஆள வச்சா?"

"வைக்கலாம்," என்று சொல்லிவிட்டு ஷெர்லின் விருட்டென்று ஜன்னல் பக்கம் போனாள். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாவம். போனை எடுத்து ஸ்டெபிக்கு மெசேஜ் அடித்தாள். 'உங்க மாமியார் செய்யிற வேலைய உடனே வந்து பாருங்க.'

அனுப்பலாமா வேண்டாமா என்று அரை மணி நேரம் தடுமாறி, கடைசியில் அனுப்பப் போகும்போது கூப்பாடு வந்தது.

"ஏளா, இங்கன வா. சரியா வந்திருக்கான்னு பாரு."

போய்ப் பார்த்தாள்.

ஸ்டெபியை ஒட்டி, தோளோடு தோளாக, அவளைப் பெத்தவள் நின்றாள். சேலைக் கரையில் கொஞ்சம் பிசிறு. மற்றபடி சுத்தம். தூண் பக்கத்து ஓரத்தில் பட்டுச்சேலையில் மெட்டில்டா.

"நீங்க ஏன் ஆன்ட்டி ஓரத்துக்குப் போயிட்டீங்க?"

"ஓட்டை விழும்னு நீதான சொன்ன? மூட ஒரு ஆளு வேணும்லா. பெத்தவ நிக்க வேண்டிய எடத்துல எனக்கென்ன வேலை?"

ஷெர்லின் சத்தமில்லாமல் மெசேஜை அழித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அஞ்சு நிமிஷத்துல மாத்தித் தந்திருப்பேனே ஆன்ட்டி. இதுக்குப் போயி ஒரு வாரம் கஷ்டப்படணுமா?"

மெட்டில்டா அவள் கையைத் தட்டிக் கொடுத்துச் சிரித்தாள்.

"'தனி ஆளுங்க எல்லாம் ஓரமாப் போங்க'ன்னு அன்னைக்கு அவள அனுப்புனதே நீதானளா. உன்கிட்டயே வந்து மாத்திக் குடுன்னா, நீ சங்கடப்பட மாட்டியா?"