உறுமிய ரீல்

குனிந்தே கிடந்ததில் அவள் கழுத்து விண்விண்ணென்று தெறித்தது. பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டரோடு ஒரு வாரமாய் மல்லுக்கட்டு. பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, இப்போதுதான் மூடினாள். கல்யாணமான புதிதில் பதிந்த ரீல் ஒன்று. அதைப் பிள்ளைகள் கேட்டால்தான் அவள் மானம் நிற்கும்.

"உங்கம்மா பாடப் போறா, காதைப் பொத்திக்குங்க" என்றார் கணவர்.

ரீல் சுழன்றது. 'கொர்ர்ர்...'

"மோட்டார் போச்சு! நான் அப்பவே சொன்னேன்ல?"

"மோட்டார் நல்லாத்தான் ஓடுது. பேசாம கேளுங்க."

உறுமலுக்கு நடுவே அவளுடைய இளவயதுக் குரல் கெஞ்சியது: "என்னங்க, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்களேன்!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வருஷமாக அவளைக் 'குறட்டைக்காரி' என்று ஊரெல்லாம் சொன்னவர் கூரையைப் பார்த்தார். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.