கட்டைவிரல் நிற்கும்வரை

அதே மருந்து. அதே அளவு. அதே கை.

இரண்டாம் அறுவை அரங்கில் அவள் மூச்சுக்கான குழாயைச் செருகும்போது நோயாளியின் ரத்த அழுத்தம் சற்றே ஏறி இறங்குகிறது. முதல் அரங்கில் தாவுகிறது.

ஏன்?

மயக்க மருத்துவரான அவளுக்குப் பிடிபடவில்லை. மருந்தை மாற்றிப் பார்த்தாள். அளவைக் கூட்டினாள். அழுத்தம் காட்டும் கருவியைக்கூடச் சந்தேகித்தாள்.

போன மாதம், முதல் அரங்கில், செங்கோடன். மூளை ரத்தக்குழாயில் புடைப்பு. தொண்டையில் குழாய் இறங்கியதும் உடல் இருமியது. அழுத்தம் தாவியது. கத்தி படும் முன்பே புடைப்பு வெடித்தது.

விதி என்றார்கள், அவர் மனைவியிடம்.

இன்றும் முதல் அரங்கு. அதே புடைப்பு. மேசையில் சத்துணவுக்கூடத்துச் சமையலர் ரெஜினா.

"எந்திரிச்சிருவேன்ல டாக்டரம்மா?"

பதில் வருமுன் மயக்க மருந்தில் தூங்கிவிட்டாள்.

தசை தளர்த்தும் மருந்தும் ஏறியது. மயக்க மருத்துவர் முகமூடி வழியே காற்று ஊட்டத் தொடங்கினாள்.

அறுவை மருத்துவர் திருமலைமுத்து தலைமாட்டில் வந்து நின்றார். கையுறை போட்ட கைகளை மார்பில் கோத்திருந்தார். எப்போதும் அப்படித்தான்.

"என்னம்மா, விதை போட்டுட்டு முளைக்கட்டும்னு நிக்கிறியா?"

செவிலியர் சிரித்தார்கள்.

அவள் கை தானாகக் குழாயை எடுத்தது.

எடுத்த கையையே பார்த்தாள்.

இரண்டாம் அரங்கின் அறுவை மருத்துவர் சோம்பேறி. மருந்து ஏறிய பிறகுதான் கை கழுவவே போவார். அங்கே தலைமாட்டில் யாரும் நிற்பதில்லை.

மருந்து ஊசியிலிருந்து நேரே தொண்டைக்குப் போய்விடுவதில்லை. ரத்தத்தோடு சுற்றிவந்து, நரம்பு தசையைத் தொடும் இடங்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். அதற்குள் தூக்கமும் ஆழமாகும். அடைபடாத தசை குழாயோடு மல்லுக்கட்டும். அந்த மல்லுக்கட்டுதான் அழுத்தமாக ஏறுகிறது.

குழாயைக் கீழே வைத்தாள்.

நரம்பைத் தூண்டி, தசை தளர்ந்துவிட்டதா என்று காட்டும் சிறுகருவி அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. நேரம் தின்கிறது என்று திருமலைமுத்து ஒதுக்கச் சொன்னது. எடுத்து மாட்டச் சொன்னாள்.

மணிக்கட்டில் மின்சாரம் தட்டியது. ரெஜினாவின் கட்டைவிரல் துள்ளியது.

"நேரமாகுதும்மா."

துள்ளியது.

"காது கேக்கலையா?"

லேசாக அசைந்தது.

நின்றது.

குழாய் வழுக்கி இறங்கியது. இருமல் இல்லை. அழுத்தம் சற்றே ஏறி, இறங்கியது.

செங்கோடனின் விரலை அன்று யாரும் பார்க்கவில்லை.

விரல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.