மந்தை போன வழி

சடையங்குப்பத்தில் தேங்கிய மழைநீரின் எண்ணெய்ப் படலத்தில் காலை வெயில் மின்னுகிறது. கால்நடை மருத்துவர் ஜானட், எத்திராஜின் பன்னிரண்டு எருமைகளையும் ஒவ்வொன்றாக நடக்கவிட்டுப் பார்த்துத் தாளில் குறிக்கிறாள். கடைசி எருமை நொண்டுகிறது. குளம்பிடுக்கில் சீழ். கழுவி, மருந்திட்டுத் துணி சுற்றுகிறாள். "பத்து நாளைக்கு இது தண்ணியில எறங்கவே கூடாது. கொட்டாயிலயே கட்டிப் போடுங்க." "தனியாவா? கத்திகினே கெடக்குமே டாக்டரம்மா." "நடந்தா காலே போயிடும்." எத்திராஜ் அதைக் கட்டிவிட்டு நெற்றியைச் சொறிகிறார், பிறகு மற்ற பதினொன்றையும் ஓட்டிக்கொண்டு புறப்படுகிறார். கட்டிய எருமை கயிறு விறைக்கக் கத்துகிறது. தூரத்தில் ஒன்று நின்று பதில் கொடுக்கிறது. எத்திராஜ் திரும்பிப் பார்க்காமல் அதைத் தட்டி ஓட்டுகிறார். ஆலைப் புகைக்குக் கீழே மந்தை சிறுத்து மறைகிறது. ஜானட் கிளம்ப மனமில்லாமல் எருமையின் கழுத்தைத் தடவுகிறாள். அது அவளைப் பார்க்கவில்லை; மந்தை போன வழியையே பார்த்துக்கொண்டிருக்கிறது.